அவையேட்டில் பதிந்த சொல்: நீதிக்கும் நல்லிணக்கத்துக்குமான விவாதத்தில் நாடாளுமன்ற உறுப்பினரின் பணி



2022ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், ஒட்டாவாவிலுள்ள கனடிய நாடாளுமன்றத்தின் மக்களவையில், ஸ்காபரோ-றூஜ் பார்க் தொகுதியின் உறுப்பினர் கரி ஆனந்தசங்கரி எழுந்து ஒரு பிரேரணையை முன்வைத்தார். இலங்கையில் தமிழர்கள் இனப்படுகொலைக்கு உள்ளாக்கப்பட்டதை அவை ஏற்றுக்கொள்ள வேண்டும்; ஆண்டுதோறும் மே 18 தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். இத்தகைய பிரேரணைக்கு அவையின் ஏகமனதான சம்மதம் வேண்டும். எதிர்ப்போர் உளரா என்று சபாநாயகர் வினவுவார். அப்போது 338 ஆசனங்கள் கொண்டிருந்த அவையில் ஒரேயொரு எதிர்ப்புக் குரல் எழுந்திருந்தாலும் பிரேரணை அக்கணமே வீழ்ந்திருக்கும். அன்று எவரும் எதிர்க்கவில்லை. தேசிய நாடாளுமன்றம் ஒன்று இவ்வாறு ஏற்றுக்கொண்டமை உலகில் அதுவே முதற்றடவையாகும்.

சில நிமிடங்களில் நிறைவேறிய அத்தீர்மானத்தை நோக்கும்போது இரு வினாக்கள் எழுவது இயல்பு. "இதனால் ஊரில் உள்ளவர்களுக்கு என்ன கிடைத்தது?" என்பது பெற்றோரின் வினா. "நிறைவேறிவிட்டதே, இனி என்ன வேலை இருக்கிறது?" என்பது இளையோரின் வினா. இவ்விரண்டுக்கும் விடை காண, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரால் எது இயலும், எது இயலாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

2009 பெப்ரவரியில் இலங்கை நிலைமை குறித்து இதே மக்களவையில் அவசர விவாதம் நடைபெற்றது. அப்போது அந்த அவையில் தமிழ் உறுப்பினர் ஒருவர்கூட இருக்கவில்லை. அதே ஆண்டு மே 10ஆம் நாள், வன்னியில் உறவுகள் மடிந்துகொண்டிருந்த வேளையில், ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் தமிழ் மக்கள் அமர்ந்தனர். அவையில் இடமில்லாத துயரம் வீதிக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2011 மே 2ஆம் நாள், ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்தின் முதலாவது தமிழ் உறுப்பினராகத் தெரிவானார். 2015இல் கரி ஆனந்தசங்கரி தெரிவானார். 2016 ஒக்ரோபரில் தமிழ் மரபுத் திங்கள் தீர்மானம் நிறைவேறியது. 2019 யூனில், இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கள் குறித்துச் சுதந்திரமான பன்னாட்டு விசாரணை வேண்டுமென மக்களவை ஏகமனதாகக் கோரியது. 2022இன் தீர்மானம் இப்படிகளின் மீதே ஏறி நின்றது. எதிர்க் கட்சியினரும் மறுப்புக் கூறாதவாறு அவர்களுக்கு விளக்கமளித்து இணங்கச் செய்வதே இத்தகைய பணியின் பெரும்பகுதி. தொலைக்காட்சியில் தோன்றும் சில நிமிடங்கள் அதன் இறுதிப்பகுதி மட்டுமே.

அவையில் பேசப்படும் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சீக்கிய சமூகத்தின் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். 1914இல் 376 பயணிகளுடன் வன்கூவர் வந்த கோமகாத்தா மாரு கப்பலில் இருந்தோரில் மிகப் பெரும்பாலானோர் தரையிறங்க விடப்படாது திருப்பி அனுப்பப்பட்டனர். 2008 ஓகஸ்டில் அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் சரே நகரின் பூங்கா ஒன்றில் மன்னிப்புக் கோரினார். சமூகத்தின் அமைப்புக்கள் அதனை ஏற்கவில்லை. நாடாளுமன்றத்திலேயே கூறுமாறு கேட்டன. எட்டு ஆண்டுகள் ஓயாது கேட்டன. 2016 மே 18ஆம் நாள் பிரதமர் ஜஸ்ரின் ரூடோ மக்களவையில் எழுந்து மன்னிப்புக் கோரினார். பூங்காவில் கூறியது கூட்டத்தோடு கலைந்துவிடும்; அவையில் கூறியது ஹன்சாட் என்னும் அவையேட்டில் பதிந்து, அந்நாட்டின் சொல்லாக நிலைத்துவிடும்.

ஆயினும் தீர்மானம் சட்டமாகாது. அதைக்கொண்டு எவரையும் கூண்டில் ஏற்ற முடியாது. சட்டத்துக்குரிய வழி வேறு. ஒன்ராறியோ மாகாண நாடாளுமன்றத்தில் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த சட்டமூலம் 104, மே 18இல் நிறைவுறும் ஏழு நாட்களைத் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரமாக்கியது. 2021 மே மாதத்தில் சட்டமான அது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. 2022இல் உயர் நீதிமன்றமும் 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்தை நிலைநிறுத்தின. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேலதிக மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

தடைவிதித்தல் மற்றொரு வழி. 2023 சனவரி 10ஆம் நாள் கனடிய அரசு மகிந்த ராசபக்ச, கோத்தபாய ராசபக்ச உள்ளிட்ட நால்வர் மீது தடை விதித்தது. அந்நால்வருள் ஒருவர் சுனில் இரத்நாயக்க. 2000ஆம் ஆண்டு மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில் 2015இல் மரண தண்டனை பெற்ற படையினர் இவர். 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. ஆனால் 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபாய அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற நீதி ஒரு கையொப்பத்தில் கலைந்தது. உள்நாட்டில் கலைக்கப்பட்ட நீதியை வெளிநாட்டு அவைகள் நினைவூட்டிக்கொண்டே இருக்கவேண்டிய காரணம் இதுவே.

நல்லிணக்கம் என்னும் சொல்லையும் இவ்விடத்தில் நிதானமாக எடைபோடல் வேண்டும். 2015இல் ஜெனிவாவில் பொறுப்புக்கூறல் தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கிய இலங்கை அரசு, 2020 பெப்ரவரியில் அதிலிருந்து விலகியது. உண்மையை விலக்கிய நல்லிணக்கம் பாதிக்கப்பட்டவரை மௌனமாக்கும் முயற்சியாகவே முடியும். கனடாவுக்கும் இப்பாடம் உண்டு. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வதிவிடப் பாடசாலைகளுக்காக 2008 யூன் 11ஆம் நாள் மக்களவையில் மன்னிப்புக் கோரப்பட்டது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 6,500க்கும் மேற்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டது. 2015இல் 94 நடவடிக்கைகளுக்கு அழைப்பு விடுத்தது. பெயரில் உண்மை முன்னும் நல்லிணக்கம் பின்னும் நிற்பதைக் கவனியுங்கள். மே 18 தீர்மானத்தை முன்மொழிந்த அதே உறுப்பினர், 2023 யூலையில் பூர்வகுடிகளுடனான அரச உறவுகளுக்குப் பொறுப்பான அமைச்சரானார். தனக்கு நீதி கேட்கும் சமூகம், தான் வாழும் மண்ணின் மூத்த குடிகளுக்கான நீதியிலும் துணைநிற்றல் அறமாகும்.

பெற்றோர்களே, அவையில் பேசும் உறுப்பினருக்கு ஆதாரமாக அமைவது உங்கள் சாட்சியம். கண்டதை, இழந்ததை, நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். 2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பேணும் பணிக்கு ஆணை வழங்கியது. ஏட்டில் ஏறாத நினைவு ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும்.

இளையோரே, கனடாவில் வசிக்கும் 25 பேரின் கையொப்பம் பெற்ற காகித மனுவையோ, 500 பேரின் ஆதரவு பெற்ற மின்மனுவையோ உறுப்பினர் மூலம் மக்களவையில் சமர்ப்பிக்கலாம். அரசு 45 நாட்களுக்குள் விடையளித்தாக வேண்டும். கையொப்பமிட வயது வரம்பு இல்லை. எந்தக் கட்சியினராயினும் உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்தியுங்கள். அவர் அவையில் என்ன பேசினார் என்பதை ஹன்சாட்டில் படியுங்கள். பேசாதிருந்தால் ஏன் என்று பண்போடு கேளுங்கள்.

2009இன் அவசர விவாதத்தில் தமிழ்க் குரல் இருக்கவில்லை. 2022இல் ஒரு தமிழ்க் குரல் எழுந்தது, எதிர்க்குரல் எழவில்லை. இடையில் கடந்தது பதின்மூன்று ஆண்டுகளின் உழைப்பு. ஏட்டில் பதிந்த அச்சொல்லை நீதிமன்றத்தின் வாயில்வரை கொண்டுசெல்லும் கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.