கூதிர்க்காலமும் குழந்தையின் கையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

திருத்தங்கலைத் தம் பெயரோடு பிணைத்துக்கொண்ட சங்கப் புலவர்கள் மூவர்: தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், தங்கால் முடக்கொற்றனார், தங்கால் ஆத்திரேயன் செங்கண்ணனார். இவ்வூரில் இலக்கிய விழா நிகழுங்கால் இம்மூவர் பெயரும் முதற்கண் ஒலிப்பது முறை. ஆயினும், இலக்கியத்தில் இடம்பெற்ற தங்கால் மாந்தருள் யாவரினும் இளையவன் ஒருவன் உண்டு. அவன் புலவன் அல்லன். பால்மணம் மாறாச் சிறுவன். மூன்று வயதிற்கும் ஐந்து வயதிற்கும் இடைப்பட்ட குழந்தைகள் கூதிர்க்காலத்தில் கையால் செய்து கற்கத்தக்கவை எவை என்பது இவ்வுரையின் பொருள். அதற்கு அச்சிறுவனே தோற்றுவாய்.

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கும் கதைகளுள் ஒன்று தங்காலில் நிகழ்கிறது. சேரனிடம் பெரும்பரிசில் பெற்று மீளும் பராசரன் என்னும் அந்தணன், பசிய இலை அடர்ந்த அரசமரத்து மன்றத்தில் தண்டும் குண்டிகையும் குடையும் சிறுபொதியும் களைந்துவைத்து அமர்கிறான். அங்கு விளையாடிக்கொண்டிருந்த சிறார் அவனைச் சூழ்கின்றனர். தன்னோடு ஒப்ப மறை ஓதுவோர் தன் பொதியைக் கொண்டுபோகலாம் என்கிறான் அவன். வார்த்திகன் மகன் தக்கிணன், நாத் தளரினும் ஓசை வழுவாது ஓதுகிறான். முத்துப் பூணூலும் கடகமும் தோடும் பரிசாகின்றன. அதன்பின் அரச ஏவலர் அழுக்காற்றால் தந்தை சிறைப்பட்டதும், தாய் கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து புலம்பியதும், ஐயை கோயிற்கதவு திறவாது நின்றதும், பாண்டியன் பிழையுணர்ந்து தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு அளித்ததும் இவ்வவை நன்கறிந்தவை. தாயின் பெயர் கார்த்திகை என்பது கூதிரைப் பேசும் உரைக்குத் தற்செயலாய் வாய்த்த பேறு.

இக்கதையில் அரசநீதியைக் கண்டு பாராட்டியோர் பலர். பராசரன் வருமுன் அச்சிறார் என்ன விளையாடிக்கொண்டிருந்தனர் என்று வினவியோர் இலர். இளங்கோவடிகளும் அதனைச் சொல்லவில்லை. ஓதலுக்குப் பரிசு கிடைத்தது. விளையாட்டு மரத்தடியிலேயே நின்றுபோயிற்று. வேறொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. அச்சிறுவன் தாங்கியது ஆலமர் செல்வனின் பெயர் என்கிறது காப்பியம். ஆலின்கீழ் அமர்ந்த அவ்விறைவன் வாய் திறவாது கைக்குறியால் உணர்த்தினான் என்பது சைவ மரபு. கையால் கற்பித்தவன் பெயரைப் பெற்ற பிள்ளை வாயால் ஓதிப் பொன் பெற்றான்! அதே தட்சிணாமூர்த்தியின் பெயரால் குசராத்தின் பாவ்நகரில் 1920-இல் குழந்தைகளுக்கென ஒரு பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, மனப்பாடத்தை விலக்கி, விளையாட்டையும் கதையையும் கைவேலையையும் நடுவில் வைத்தார். பெயருக்குரிய பொருள் அங்கே விளங்கிற்று எனலாம்.

இனிப் பருவத்திற்கு வருவோமாயின், முதலில் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையைக் கடக்க வேண்டியுள்ளது. மழலையர் வகுப்புகளுக்கென அச்சிடப்படும் வண்ணப்படங்களில் ‘இலையுதிர் காலம்’ என்ற தலைப்பின்கீழ்ச் சிவந்த மேப்பிள் இலைகள் உதிர்கின்றன. கம்பளி அணிந்த குழந்தைகள் அவற்றைக் குவிக்கின்றனர். மேலைநாட்டில் அக்டோபரில் நிகழ்வது அது. அங்கே பகல் குறுகிக் குளிர் நெருங்கும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. இலை நிறம் மாறி வீழ்கிறது. திருத்தங்கலில் அக்டோபர் என்பது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை இறங்கும் திங்கள் அது. பன்னிரு திங்களில் கரிசல் பசுமை காட்டுவது பெரிதும் அதன் பின்னரே. இங்கும் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பதுண்டு. ஆனால் பனி கழிந்து வறட்சி தொடங்கும் மாசி, பங்குனியில். அஃது குளிருக்கு அஞ்சிய உதிர்வன்று, நீரைச் சேமிக்கும் உதிர்வு. தெருவோர நாட்டு வாதுமை ஒன்றே மேலைநாட்டுப் படத்தில் உள்ளவாறு இலை சிவந்து உதிரும். அதற்கும் மழை ஓய வேண்டும்.

பெரும்பொழுதை ஆறாக வகுத்து ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று உரையாசிரியர்கள் சுட்டியது வெறும் பாட்டிலக்கணம் அன்று. அது கண்ணால் கண்டு எழுதிய குறிப்பு. நான்கு பருவ அட்டவணையில் மழைக்கு இடமே இல்லை. சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே சிவப்பு மெழுகுக்கோலால் உதிரும் இலைக்கு வண்ணம் தீட்டும் குழந்தை கற்பது என்ன? தன் கண்ணில் படுவது பாடமன்று. படத்தில் உள்ளதே பாடம் என்பதைக் கற்கிறது. பின்னாளில் எந்தப் பல்கலைக்கழகமும் அப்பழக்கத்தை எளிதில் மாற்ற இயலாது. மழையைப் போகச் சொல்லும் ஆங்கிலச் சிறுபாட்டை, மழைக்காக வானம் பார்த்திருக்கும் கரிசல் பூமியில் கைதட்டிப் பாடவைப்பது அதனினும் கொடுமை. (இதனைக் குறைகூறும் கவிஞர் பலர், அதற்கு மாற்றாகக் குழந்தை வாயில் நிற்கும் பாட்டொன்று எழுதித் தந்தோர் சிலரே.)

கூதிர் தரும் கைப்பாடங்களுள் முதலாவது மண். ஓட்டையிட்ட இரு சிரட்டைகள் போதும். ஒன்றில் கரிசல் மண், மற்றொன்றில் ஆற்றுமணல். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றினால் எது முதலில் சொட்டும்? ஊற்றுமுன் குழந்தைகள் ஊகித்துச் சொல்ல வேண்டும்; விடையை ஆசிரியர் சொல்லலாகாது. மணல் உடனே சொட்டத் தொடங்கும். கரிசல் நீரை வாங்கிக்கொண்டு ஊதிப் பருத்து வாய்மூடி நிற்கும். கோடையில் கால் நுழையும் அளவு வெடித்த நிலம் ஐப்பசி மழையில் தானே மூடிக்கொள்வதன் காரணம் அச்சிரட்டைக்குள் இருக்கிறது. அம்மண்ணையே பிசைந்து உருட்டித் தட்டி வெயிலில் வைத்தால் காய்ந்து வெடிக்கும். மறுபடி நனைத்தால் வெடிப்பு மறையும். மூன்று வயதுக் குழந்தை இதனைச் சலிக்காமல் பத்து முறை செய்யும். சலிப்பது பெரியவர்களே. பானைக்கும் அகலுக்கும் கரிசல் மட்டும் ஏன் பொருந்தாது என்பதைக் கார்த்திகை வருமுன்னரே குழந்தையின் விரல் அறிந்துகொள்ளும். பின்னர்க் குளத்து வண்டல் களிமண்ணைக் கையில் கொடுத்து அகல் செய்யச் சொன்னால், இரு மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அக்குழந்தை தன் சொல்லால் கூறும்.

விதைப்பும் அவ்வாறே. கரிசலின் மானாவாரி விதைப்பு இம்மழையை நம்பியது. நீண்டநாள் பொறுக்க இயலாத வயதிற்குப் பாசிப்பயறும் கம்பும் ஏற்றவை. இரண்டு மூன்று நாளில் முளை காட்டும். ஆனால் விதைகளில் ஓர் எச்சரிக்கை தேவை. அழகு கருதிக் குன்றிமணியை எண்ணிக்கைக்குக் கொடுப்போர் உளர். குன்றியும் ஆமணக்கும் கொடிய நஞ்சுடையவை. மழலையர் கைக்கு எட்டாது வைக்கத்தக்கவை. எந்தச் சிறுவிதையும் மூக்கிலும் காதிலும் நுழையக்கூடியது என்பதால் விதைப்பாடம் ஆசிரியர் கண்முன் மட்டுமே நிகழ வேண்டும்.

மழை விட்ட காலையில் தரையில் ஊரும் தம்பலப் பூச்சியைச் சங்கப் புலவர் மூதாய் என்றனர். சிவந்த பட்டுத் துணுக்குப் போன்ற அதனைத் தொட்டால் கால்களை மடக்கி அசையாது கிடக்கும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் நடக்கும். எத்தனை எண்ணுவதற்குள் நடந்தது என்று எண்ணவைப்பது ஒரு கணக்குப் பாடம். தொடாமல் காத்திருப்பது அதனினும் பெரிய பாடம்.

நக்கீரரின் நெடுநல்வாடை கூதிரைப் பாடிய பாட்டு. வானம் இருண்டு மாலை எதுவென அறிய முடியாத அந்நாளில், பெண்கள் பூந்தட்டில் இட்ட பிச்சி அரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டு பொழுதறிந்து விளக்கேற்றினர் என்று அப்பாட்டு காட்டுகிறது. இஃது ஓர் ஆய்வுச்சோதனை அன்றோ? காலையில் ஆளுக்கு நான்கு பிச்சி அரும்புகளைச் சிறு கிண்ணத்தில் இட்டு வீட்டிற்குக் கொடுத்தனுப்பலாம். அது விரிந்தபோது வீட்டில் என்ன நடந்தது என்பதை மறுநாள் குழந்தை சொல்ல வேண்டும். விளக்கேற்றினார்களா, அம்மா ஆலையிலிருந்து திரும்பினாளா, உலை வைத்தார்களா? கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதில் காலத்தைப் பூவால் அளக்கும் பயிற்சி இது. ஈராயிரம் ஆண்டு பழமையான இலக்கியத்தை ஒரு சொல்லும் மேற்கோள் காட்டாமல் கற்பிக்கும் வழியும் இதுவே.

இவையெல்லாம் எவ்வூருக்கும் பொருந்துவன அல்லவா என வினவலாம். பொருந்தும். ஆயினும் திருத்தங்கலில் குழந்தையின் கை என்னும் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், வறண்ட வானிலையைத் துணையாகக் கொண்டு இவ்வட்டாரத்தில் வேரூன்றியது. மழையற்ற மண்ணுக்குச் சோறிட்டது. அதே தொழில் குழந்தைகளின் விரல்களையும் விழுங்கிற்று. தீக்குச்சிகளைச் சட்டங்களில் வரிசையாக அடுக்கவும் பெட்டி ஒட்டவும் குச்சி அடைக்கவும் சிறுவிரல்களே ஏற்றவை என்று சொல்லப்பட்ட காலம் இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1990-இல் வெளிவந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் அவ்விரல்களை உலகிற்குக் காட்டிற்று. சிவகாசியின் நிலையை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்தும் உரிமையாளர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. மாறாதது ஒன்று உண்டு. அன்று குச்சி அடுக்கிய சிறுமியருள் பலர் இன்று மழலையர் பள்ளி வாயிலில் நிற்கும் பாட்டியர். தம் பேரக்குழந்தை மண் பிசைவதையோ தாள் ஒட்டுவதையோ அவர்கள் விரும்புவதில்லை. எழுதுகோல் பிடிக்க வேண்டிய கை ஏன் இதைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். அவ்வினாவை அறியாமை என ஒதுக்குதல் தகாது. அது பட்டறிவிலிருந்து எழும் வினா.

குச்சி அடுக்கிய விரல்களும் எழுதுகோல் பிடிக்கும் விரல்களும் ஒன்றே: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். 1907-இல் உரோமை நகரின் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்திருந்த குழந்தைகளுக்காகத் தம் முதல் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, அறிவு வளர்வது கையின் வழியே என்று கண்டவர். 1939-இல் அடையாறு வந்து பயிற்சி அளித்தவரும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிச் செடியும் பூச்சியும் கொண்டு குழந்தைகளோடு பணியாற்றியவரும் அவரே. அவர் வகுத்த நெறியில் குழந்தை ஒரு செயலைத் தானே தொடங்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம், செய்ததைக் கலைத்து மீண்டும் செய்யலாம். ஆலையில் அடுக்கிய சிறுமிக்கு இம்மூன்றும் இல்லை. பார்வைக்கு இரண்டும் கைவேலை. ஒன்றில் கை குழந்தையுடையது. மற்றதில் சட்டத்தின் கணக்குடையது. பாட்டியின் வினாவிற்கு வாய்விளக்கம் போதாது. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருக்கும் நாளில் அவரையும் தாயையும் அங்கன்வாடிக்கு அழைத்துக் குழந்தையின் அருகே அமர்த்தினால், நிறுத்த விரும்பும்போது அக்குழந்தை நிறுத்துவதை அவர்களே காண்பர். கூதிர் இதற்கும் வாய்ப்பான பருவம்.

மழலையர் கைவினை நூல்களில் தீக்குச்சியால் வடிவம் அமைப்பதும் எண்ணுவதும் தவறாது இடம்பெறுகின்றன. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் அப்பாடத்தை விலக்குதல் நன்று. முனையில் உள்ள மருந்து வாயில் வைக்கும் வயதிற்கு ஆகாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. படப்பில் கிடக்கும் சென்ற ஆண்டுச் சோளத்தட்டையின் தோலைப் பெரியவர் உரித்துக் கொடுத்தால், அதன் நெட்டியே எண்ணுகோலாகும், வண்டியாகும், மாடாகும்.

தீப்பெட்டியை மட்டும் விலக்க வேண்டுவதில்லை. கரிசல் காட்டுச் சிறார் அதற்கு முன்னரே வேறு பயன் கண்டுவிட்டனர். மழைக்காலத்தில் கொடுக்காப்புளி மரத்தில் கிடைக்கும் பொன்வண்டைக் காலிப் பெட்டியில் தழையோடு வைத்துச் சன்னமாகத் திறந்து பார்ப்பது தலைமுறை தலைமுறையாய் வரும் வழக்கம். எந்தப் பாடத்திட்டமும் அதனைச் சொல்லித் தரவில்லை. பெட்டி குச்சிக்கு உரியது என்பதை அக்கணம் குழந்தை மறந்துவிடுகிறது. தங்காலில் பொற்கொல்லன் வெண்ணாகனார் இளமையில் எதனைப் பிடித்து விளையாடினாரோ, தெரியாது. மறுநாட் காலை பெட்டியைத் திறந்தால் சில வேளை வெண்மணி போன்ற முட்டைகள் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று குழந்தை எண்ணி முடித்தபின், வண்டை மரத்தில் விட்டுவரும்படி சொல்வது ஆசிரியர் கடன்.