சாட்டை எங்கே வெடிக்குது?

போன வாரம் ஆரணிக்குப் போயிருந்தேன். மத்தியானம், வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அதுக்கு நடுவுல உறுமி, கூடவே ‘பட்’டுன்னு ஒரு வெடி. சாட்டையடிக்காரர் வந்திருக்கார்னு எட்டிப் பார்க்காமலே தெரிஞ்சுது.

சின்ன வயசுல அது அவர் உடம்புல அடி விழுற சத்தம்னுதான் நம்பியிருந்தேன். இல்லைங்க. உடம்பைத் தொடுறதுக்கு முன்னாடியே, காத்துல வர்ற சத்தம் அது.

சாட்டை பிடி பக்கம் தடிமனா இருக்கும், போகப் போக மெலிஞ்சு கடைசியில நூல் மாதிரி ஆகிடும். கையை வீசிச் சட்டுன்னு நிறுத்தினா ஒரு வளைவு உருவாகி முனையை நோக்கி ஓடும். வளைவு கடந்த பகுதி கிட்டத்தட்ட நின்னுடும். மிச்சம்தான் ஓடிக்கிட்டிருக்கும். ஓடுற பகுதியோட எடை குறைஞ்சுகிட்டே போகுது, கை கொடுத்த ஆற்றலோ பெரும்பாலும் அதுலயேதான் இருக்கு. அப்போ வேகம் ஏறித்தானே ஆகணும்? நம்ம ஊர் வெயில்ல ஒலியோட வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். அதையே தாண்டிடும். போர் விமானம் போடுற அதே வகை வெடிச் சத்தம், ஒரு முழ நார்ல!

1958-ல பெர்ன்ஸ்டைன், ஹால், ட்ரென்ட்னு மூணு பேர் அதிவேகக் கேமரா வச்சு இதைப் படம் பிடிச்சாங்க. ஆனா ஒரு குழப்பம்: வெடிக்கிற நேரத்துல முனை ஒலியைவிட ரெண்டு மடங்கு வேகத்துல போகுதுன்னு பின்னாடி வந்த அளவீடு சொல்லுச்சு. அப்போ ஏன் முன்னாடியே வெடிக்கல? 2002-ல கோரியெலியும் மெக்மில்லனும் கணக்குப் போட்டுச் சொன்ன பதில், சத்தம் வளைவுல இருந்து வருது. வளைவு ஒலி வேகத்தைத் தொடும்போது முனை அதுக்கு ரெண்டு மடங்கு வேகத்துல இருக்கும். அவ்வளவுதான்!

நானும் எங்க அண்ணனும் ஒருதடவை வீணாப்போன பாவு நூலை முறுக்கிச் சாட்டை செஞ்சோம். நான் கையை நிறுத்தாம பின்னாடி இழுத்தேன். முனை திரும்பி வந்து அண்ணன் புருவத்தைக் கிழிச்சிடுச்சு. ஒரு விரக்கடை கீழே பட்டிருந்தா கண்ணு. தயவுசெஞ்சு வீட்ல முயற்சி பண்ணாதீங்க.

அன்னைக்குச் சாட்டையடிக்காரர்கிட்ட இதையெல்லாம் ஆர்வமாச் சொன்னேன். “சத்தம் காத்துல வருதுன்னு எனக்குத் தெரியும் தம்பி”ன்னு சிரிச்சுட்டு, முழங்கையை நீட்டிக் காட்டினார். மேல இருந்து கீழ வரைக்கும் தழும்பு. வெடிச்ச பிறகு அந்த முனை எங்கேயாவது போய் விழணுமே.