வேலி முடியும் இடம்

பள்ளத்தை ஒட்டியும் பாலத்தை நெருங்கும் இடங்களிலும், இரட்டை அலையாக வளைத்த எஃகுத் தகடுகளைத் தூண்களில் பொருத்தி அமைக்கப்படும் சாலையோரத் தடுப்பு வேலி, நிலைதவறிய வாகனத்தை விழவிடாமல் சாலையின் போக்கிற்கே திருப்பிவிடுவதற்காக ஏற்பட்டது. ஆனால் எந்த வேலிக்கும் ஒரு தொடக்க முனை இருந்தே தீரும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தொடக்க காலத்தில் மொட்டையாக விடப்பட்ட அம்முனைகள், நேராக வந்து மோதிய கார்களைக் குத்தித் துளைத்து உள்ளே நுழைந்து, காக்க வேண்டிய உயிர்களையே பறித்தன. அதைத் தவிர்க்க, தகட்டின் முனையைத் திருகித் தரையில் புதைக்கும் முறை 1960களில் பரவியது. குத்துவது நின்றதாயினும், சரிவாக மேலெழும் அத்தகட்டின்மீது ஏறிய கார்கள் கவிழ்ந்து உருண்டன. பின்னர் வந்த முறிதூண் முனையமோ, அதாவது மோதியதும் முன்தூண்கள் ஒடிந்து வழிவிடும் அமைப்போ, எடை குறைந்த சிறிய கார்களுக்கு ஏற்றதாக அமையவில்லை.

இத்தனை முயற்சிகளுக்குப் பிறகும் சிக்கல் தீராததன் காரணத்தை நேயர்கள் சற்று நின்று எண்ணிப்பார்ப்பது நல்லது, ஏனெனில் வேலி முனை வடிவமைப்பின் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வேலியின் நடுப்பகுதியில் வாகனம் மோதும்போது அதைத் தாங்குவது தூண்களின் வலு மட்டுமன்று, தகடு நெடுகிலும் எழும் இழுவிசையும்தான். துணி உலர்த்தும் கொடிக்கயிறு இரு முனையிலும் இறுகக் கட்டப்பட்டிருந்தால்தான் பாரம் தாங்குவது போல, தகடும் முனையில் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருந்தாலன்றி வாகனத்தைத் தடுக்க இயலாது. அதே முனையில் ஒரு வாகனம் நேராக வந்து மோதினால், அப்பிணைப்பு அக்கணமே அவிழ்ந்து, தகடு எதிர்த்து நிற்காமல் இணங்கிக்கொடுக்க வேண்டும். இழுக்கும்போது உறுதி, தள்ளும்போது நெகிழ்வு என்ற எதிரெதிரான இரு கடமைகளை ஒரே முனை ஏற்க வேண்டியிருந்ததுதான் சிக்கல்.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தில் 1980களின் இறுதியில் உருவான ஈடி-2000 என்னும் முனையம் இவ்விரண்டையும் நிறைவேற்றிக் காட்டியது. தகட்டின் முனையில் ஓர் எஃகுத் தலை செருகப்பட்டிருக்கும். முதல் தூணின் அடியையும் தகட்டையும் ஓர் எஃகு வடம் பிணைத்திருக்கும். நடுப்பகுதியில் மோதல் நேர்ந்தால் இந்த வடம் இழுவிசையை நிலத்திற்குக் கடத்துகிறது. முனையில் நேராக மோதினாலோ, வலுக்குறைத்து நடப்பட்ட முதல் தூண் முறிந்து வடம் விடுபட, வாகனம் தலையைத் தன் முன்னே தள்ளிக்கொண்டு தகட்டின் நெடுக நகர்கிறது. தலைக்குள் புகும் அலைவடிவத் தகடு அங்கே நசுங்கித் தட்டையாகி, வளைந்து, போக்குவரத்து இல்லாத பக்கமாகச் சுருண்டு வெளியேறுகிறது. வாகனத்தின் இயக்க ஆற்றல், அதாவது அதன் எடையும் வேகமும் சேர்ந்து தரும் ஆற்றல், உலோகத்தை உருமாற்றும் வேலையிலேயே பெரிதும் செலவாகிவிடுகிறது.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு மீட்டர் தொலைவுக்குள் நிறுத்தப்பட்டால், சராசரி வேகத்தளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தின் ஏறத்தாழ 39 மடங்காகும். அதுவே 15 மீட்டர் தொலைவில் சீராக நிறுத்தப்பட்டால் 3 மடங்கைக்கூட எட்டாது. முன்னதில் உயிர் தப்புவது அரிது. பின்னதில், இருக்கைப் பட்டை அணிந்தவர் பெரும்பாலும் நடந்தே வெளியேறலாம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவான மற்றொரு முனையம், தகட்டை நசுக்குவதற்குப் பதிலாக அடுத்தடுத்து மடக்கி இதே பயனை அடைகிறது.

முனையருகே சாய்கோணத்தில் மோதும் வாகனத்தை இத்தகைய முனையங்கள் நிறுத்துவதில்லை, வேலிக்குப் பின்புறம் கடந்துபோகவே விடுகின்றன. ஆகவே அங்கே மரமோ கல்லோ இல்லாத சமதளம் இருந்தாக வேண்டும். அளவுகளில் காட்டும் கவனமும் இன்றியமையாதது. 2005-இல் ஒரு முனையத்தின் தலையில் தகடு நுழையும் வழி 5 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகக் குறுக்கப்பட்டது, அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நீடித்த வழக்கிற்கு வித்திட்டது. அவ்வழக்கில் 2014-இல் நடுவர் குழு உற்பத்தியாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், உயிர் காக்கும் கருவியில் செய்யப்படும் ஓர் அங்குல மாற்றமும் முழுமையாகச் சோதிக்கப்பட்ட பிறகே சாலைக்கு வர வேண்டும்.

ஒருமுறை மோதப்பட்ட முனையம் அடுத்த வாகனத்தைக் காக்கும் திறனை இழந்துவிடுகிறது. எனவே இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகளில் பயணம் செய்யும் நேயர்கள், நசுங்கியோ முறிந்தோ கிடக்கும் வேலி முனையைக் கண்டால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திய பின் 1033 என்ற உதவி எண்ணில் தெரிவிப்பார்களாக.