பூட்டுக்கு முன்னால நோட்டீஸ்



நம்மில் பல பேர் வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டைப் பார்த்துக்கிட்டு, வாடகை வாங்கி அனுப்புறோம். நானும் அப்படித்தான். சட்டத்துல இதுக்குப் பேரு சொத்து மேலாளர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், நம்ம திருவேங்கடம் மாதிரிப் பேரூராட்சிக்கும் பொருந்தும்.

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற ஒரு அக்கா ரெண்டு மாச வாடகை பாக்கி. "பீஸைப் பிடுங்கு, பூட்டைப் போடு"ன்னு வீட்டுக்காரர் போன்ல சொன்னார். "முடியாதுண்ணே"ன்னேன். பாக்கி இருந்தாலும் கரண்டு, தண்ணியை நிறுத்தச் சட்டத்துல இடமில்லை.

வழி இதுதான். ரெண்டு மாசப் பாக்கின்னா எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். ஒரு மாசத்துக்குள்ள பாக்கியும் வட்டியும் கட்டிட்டா, அந்தக் காரணத்துக்காகக் காலி பண்ண வைக்க முடியாது. கட்டலைன்னா வாடகை நீதிமன்றத்துல மனு போடணும். வெளியேற்ற உத்தரவு போடுறது நீதிமன்றம்தான். நாமளும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. ஒரு தடவை இந்தச் சலுகை வாங்கினவங்க, அப்புறம் ஒரு வருஷத்துல தொடர்ந்து ரெண்டு மாசம் தவறினா, மறுபடி கிடைக்காது.

நான் நோட்டீஸ் குடுத்தேன். அந்த அக்கா கெடு முடியறதுக்குள்ள கட்டிட்டாங்க. வீட்டுக்காரருக்கும் பணம் போய்ச் சேர்ந்துச்சு.

குழுவுல சேமிப்புப் பணம் கட்டினா நோட்டுல வரவு வைக்காம எந்திரிக்க மாட்டோம். வாடகைக்கும் அப்படியே இருங்க. ஒப்பந்தம் எழுத்துல இருக்கட்டும். வாங்குறவங்க ரசீது குடுங்க. குடுக்கிறவங்க கேட்டு வாங்குங்க.