பெயர் குறுகிய தட்டு



படிவத்திற் கட்டங்கள் போதாவிடின் நீண்ட பெயரின் இறுதி விடுபட்டுப் போவதுண்டு. கணினியின் வன்தட்டுகளுக்கும் இவ்விடர் நேர்கிறது.

தட்டுகளோடு பேசுவதற்கு ஏ.ரி.ஏ., ஸ்கசி என இரு கட்டளை மொழிகள் உள. ஏ.ரி.ஏ. தட்டினை 'நீ யார்?' என வினவினால், அது 512 பைட் அளவான விடை தரும். அதில் மாதிரிப் பெயருக்கு 40 எழுத்துகளும், தொடர் இலக்கத்துக்கு 20 எழுத்துகளும் இடமுண்டு. ஸ்கசியின் வழமையான விடையிலோ உற்பத்தியாளருக்கு 8, பொருளின் பெயருக்கு 16 எழுத்துகளே. ஆகவே, இடைநின்று மொழிபெயர்க்கும் அமைப்பு, உற்பத்தியாளரின் இடத்தில் 'ஏ.ரி.ஏ.' என்றே எழுதி, மாதிரிப் பெயரின் முதல் 16 எழுத்துகளை மாத்திரம் வைத்துக்கொள்கிறது. ஏ.ரி.ஏ. விடையில் எழுத்துகள் இரண்டிரண்டாய் இடம்மாறி வருவதால், அவற்றை நேராக்குவதும் அதன் கடனே.

விளைவு யாது? முதல் 16 எழுத்துகள் ஒத்த இரு தட்டுகள் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றை அழிக்க முனைந்து மற்றதை அழித்துவிட்டால், சேமித்தவை யாவும் பறிபோகும் அன்றோ?

இதற்கும் வழியுண்டு. தொடர் இலக்கத்துக்கெனத் தனிப் பக்கமும், அந்த 512 பைட்டையும் முழுமையாகத் தரும் பிறிதொரு பக்கமும் விதிகளில் வகுக்கப்பட்டுள்ளன. ஆதலால், அழிக்குமுன் பெயரை நம்பாது தொடர் இலக்கத்தைப் பாருங்கள்.