அடுப்படியைப் பார்க்காமல் ஆர்டர் பிடிக்க முடியுமா?

"தொழில் நிமித்தமாக வெளிநாடு போகிறவர்கள் அந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பது அவசியமா, ஆடம்பரமா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், 'அவசியமே' அணியில் கோவையைச் சேர்ந்த கிரைண்டர் உற்பத்தியாளர் ஒருவர் பேசியது:



எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். "கம்பெனி காசில் போய்விட்டுக் கடைவீதி சுற்றுவது ஒருவகைத் திருட்டு" என்றார். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பெனியே நான்தான். பத்துப் பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறை. விமான டிக்கெட்டிலிருந்து டீ வரைக்கும் என் காசு. அதனால் ஒரு நாள் வீணானால் உங்களைவிட எனக்குத்தான் அதிகம் வலிக்கும். (சிரிப்பு)

2018-ல் மலேசியாவில் பினாங்குக்குப் போனேன். கையில் இரண்டு டேபிள்டாப் கிரைண்டர், சாம்பிளுக்கு. எங்கள் ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்தத் தைரியம். ஜார்ஜ் டவுனில் ஒரு மொத்த வியாபாரி. வியாழக்கிழமை பார்த்தார். கல்லைத் தட்டினார், மோட்டார் சத்தம் கேட்டார், விலையைக் குறை என்றார். பிளக் வேறாக இருக்கிறதே என்றேன். "அதற்கென்ன, அடாப்டர் ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாம். யோசித்துத் திங்கட்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார். 200 மெஷின் ஆர்டர். அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

நடுவில் மூன்று நாள். ஓட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டு கிடக்கலாம். எதிரணி சொல்வதுபோல் ஒழுங்காக இருக்கலாம்!

வெள்ளிக்கிழமை நடந்தே சுற்றினேன். குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1801-ல் தொடங்கியது. சௌராஸ்தா மார்க்கெட்டில் ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஜாதிக்காய் ஊறுகாய்! கொட்டை அல்ல, மேலே இருக்கிற சதை. சீவி, சர்க்கரையில் ஊறப்போட்டு விற்கிறார்கள். ஜூஸும் போடுகிறார்கள். நம் பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் வளர்க்கிறோம். கொட்டையையும் பத்திரியையும் எடுத்துக்கொண்டு, சதையைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே போட்டுவிடுகிறோம். என் மச்சான் தோப்புக்காரர். அங்கே நின்றே போனில் கூப்பிட்டேன். "நீ கிரைண்டர் விக்கப் போனியா, ஜாதிக்காய் பார்க்கப் போனியா?" என்று திட்டினார். அது கிடக்கட்டும்.

சனிக்கிழமை தாசேக் கெலுகோர் போனேன். என் மனைவியின் பெரியம்மா அங்கே இருக்கிறார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. ஊர் தீவில் இல்லை, எதிர்க்கரையில். ஃபெரியில் பட்டர்வொர்த் வர வேண்டும். அன்றைக்குத் தீவிலிருந்து கரைக்கு வர டிக்கெட்டே கிடையாது, தீவுக்குப் போகத்தான் காசு. என்னைப்போன்ற கஞ்சனுக்கு ஏற்ற ஊர். அங்கிருந்து ரயிலில் புக்கிட் மெர்த்தாஜாம் தாண்டினால் தாசேக் கெலுகோர். வயல், செம்பனை, நடுவே கடைத்தெரு. அவ்வளவுதான், டூரிஸ்ட் யாரும் வரமாட்டார்கள்.

அத்தை இளவயதில் பால்மரம் வெட்டியவர். அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு, 19-ம் நூற்றாண்டில் கரும்புக் காலத்திலிருந்தே, நம் சனங்கள் கப்பலேறிப் போயிருக்கிறார்கள். ஞாயிறு காலை என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். மலாய்க்காரர்கள் கடையை 'கெடாய்' என்கிறார்கள், கப்பலை 'கப்பால்' என்கிறார்கள். இடியாப்பத்துக்குப் 'புத்து மாயாம்' என்று பெயர். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். காய்ந்த புளித்துண்டு ஒன்றைக் காட்டி, "இதுதான் மாப்பிள்ளை கெலுகோர். தாசேக் என்றால் ஏரி. ஊர் பேரே புளி" என்றார். நம் குடம்புளிக்கு உறவு. அசாம் லக்சா குழம்புக்கு அதுதான் புளிப்பு.

எல்லாவற்றையும் விலை கேட்டுக்கொண்டே வந்தேன். அங்கே நம்மவர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். ஒரு தமிழ் அம்மா தோசை மாவு பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். எதில் அரைக்கிறீர்கள் என்றேன். "கோயம்புத்தூர் கல்லுதான். பெல்ட் அறுந்தா ஊருக்குப் போறவங்ககிட்ட சொல்லிவிடணும், மாசக்கணக்கா ஆவும்" என்றார். பெல்ட்! என் பட்டறையில் ஆணியில் மாட்டிவைத்திருக்கிற சாமான். அந்த மொத்த வியாபாரி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

நடுவர் அவர்களே, நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

மதியம் அத்தை வீட்டு அடுப்படி. மாவாட்டப் போகிறார். எங்கள் ஊர் மெஷினே, யாரோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. அந்த நாட்டில் பிளக்குக்கு மூன்று பட்டைப் பின். மேலே இருக்கிற எர்த் பின் கொஞ்சம் நீளம். அது உள்ளே போனால்தான் கீழே இரண்டு ஓட்டையின் மூடி திறக்கும். பிள்ளைகள் கம்பியைச் செருகக்கூடாது என்று செய்த ஏற்பாடு. அத்தை என்ன செய்கிறார்? நம் உருண்டைப் பின் நுழையாது என்று, பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டியிருக்கிறார்கள். சீனர்கள் சாப்பிடுகிற குச்சியில் ஒன்றை எடுத்தார். எர்த் ஓட்டையில் குத்தினார். மூடி திறந்தது, பிளக்கைச் செருகினார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டதுங்க. ஈரத் தரை. மாவுக் கை. சுற்றுவதோ எவர்சில்வர் டிரம். எர்த் கிடையாது. பக்கத்தில் நான்கு வயதுப் பேத்தி குச்சியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "குத்தினா ஓடும் மாப்பிள்ளை, பயப்படாதீங்க. எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்றார். பேரன், "வீட்டில் டிரிப்பர் இருக்கு" என்றான். இருக்கட்டும். எர்த் எர்த்துதான்.

அடாப்டர் கொடுத்தாலும் அது ஒரு மாதத்தில் தொலையும், அப்புறம் குச்சிதான் என்று அந்த நிமிடம் புரிந்தது. மின்னழுத்தம் ஏறக்குறைய நம் ஊர் மாதிரியேதான். மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது ஒரு பிளக்கை.

திங்கட்கிழமை வியாபாரியிடம் போகும் முன் லெபோ பாசார் போனேன். பழைய தமிழர்கள் 'கடைத்தெரு' என்று சொல்லும் இடம். நாலைந்து பாத்திரக்கடையில் வாங்குகிறவன் மாதிரி விசாரித்தேன். ஒழுங்காக இறக்குமதி ஆன மெஷினில் உள்ளே ஃபியூஸ் வைத்த பட்டைப் பின் பிளக்கும், சிரிம் ஒப்புதல் முத்திரையும் இருந்தன. அந்த முத்திரைக்குச் சோதனை உண்டு, செலவு உண்டு, நாளும் ஆகும்.

வியாபாரியிடம் சொன்னேன்: "அடாப்டர் வைத்துத் தரமாட்டேன். பிளக் மாற்றி, முத்திரை வாங்கி, ஒரு மெஷினுக்கு இரண்டு பெல்ட் சேர்த்துத் தருகிறேன். விலை கூடும்." அவர் சிரித்தார். ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது.

எதிரணித் தம்பி தலையாட்டுகிறார். "பார், சுற்றியதால் நஷ்டம்" என்று. நஷ்டம்தான் தம்பி. பையன் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்னொரு சின்னக் கடைக்காரரோடு சேர்ந்து சோதனை முடித்து, முதல் பெட்டி போவதற்கே ஒன்றரை வருடம். உடனே கொரோனா. இப்போது வருடத்துக்குக் கொஞ்சம் போகிறது, 200 இல்லை. பெல்ட் மட்டும் நிறையப் போகிறது. (கைதட்டல்)

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். 2023 கடைசியில் மறுபடி போனேன். பழைய ஃபெரி இல்லை, 2020-ஓடு நிறுத்திவிட்டு இப்போது புதுப் படகு. அத்தைக்குப் பட்டைப் பின் வைத்த மெஷின் ஒன்று கொண்டுபோனேன். மாவாட்டிப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். "அந்தக் குச்சியை எறிந்துவிடுங்க அத்தை" என்றேன். "இருக்கட்டும் மாப்பிள்ளை, ரேடியோவுக்கு வேணும்" என்றார்.