சாவடி இல்லாத சாலை



செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகிற வண்டிகளுக்குப் புளியறைச் சோதனைச் சாவடி பழக்கமான இடம். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் பரவினால், அங்கிருந்து வரும் கோழி வண்டிகளை இங்கே திருப்பி அனுப்புவார்கள். மற்ற வண்டிகளின் டயரில் மருந்து தெளிப்பார்கள். அதே சாலையோர டீக்கடையில் லாரி ஓட்டுநர் போனை நீட்டி ஸ்கேன் செய்கிறார். பணம் வந்துவிட்டதாகப் பெட்டி குரல் கொடுக்கிறது. யார், எப்போது, எந்தக் கடையில், எவ்வளவு கொடுத்தார் என்பதும் அந்த நொடியே பதிவாகிவிடுகிறது. அந்தத் தகவல் என்னும் சரக்கை நிறுத்திப் பார்க்கும் சாவடி எதுவும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

யுபிஐ நம் நாடு 2016-இல் போட்ட பாதை. ஆனால் அதில் நடக்கும் பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இரண்டே செயலிகள் வழியாகப் போகிறது. ஒன்று கூகுளுடையது. மற்றொன்று போன்பே, அதில் பெரும்பங்கு வால்மார்ட்டுக்கு.

இது எப்படி நடந்தது? முதலில் இலவசம், கூடவே கேஷ்பேக். தூத்துக்குடி இதை அன்றே பார்த்திருக்கிறது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. நஷ்டத்தைத் தாங்க அதனிடம் முதல் இருந்தது. துணைக்கு அரசாங்கமும் இருந்தது. 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனி நொடித்தது.

இன்று பீரங்கி இல்லை, ஆங்கிலேயக் கவர்னர் இல்லை. ஆனாலும் பாதையைப் பிடித்தவர் வைத்ததே சட்டம். 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணம் காட்டி, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. நம் மண்ணில் இருக்கும் ஆலையின் மின்னஞ்சல் வேறு கண்டத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டது. இதை ஏகாதிபத்தியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலிருந்து ஸோஹோ உலகத்துக்கே மென்பொருள் விற்கிறது. திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வ.உ.சி.யிடமும் கப்பல் இருந்தது. அரசுதான் எதிர்ப்பக்கம் நின்றது. இன்று அரசு நம்முடையது. நினைத்தால் அதனால் தடுக்க முடியும். ஃபேஸ்புக்கின் இலவச இணையத் திட்டத்துக்கு 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை போட்டது. 2022-இல் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எந்தச் செயலியும் யுபிஐயில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் அறிவித்த வரம்பு, தள்ளித் தள்ளி 2026 முடிவுக்குப் போயிருக்கிறது. இனியும் தள்ளக் கூடாது என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும்.